டில்லியில் டாக்டர் அம்பேத்கார்

டில்லி சிவில் லைன்ஸ் வட்டாரத்தில் அலிப்பூர் ரோடு என்றொரு சாலை. அதில் 26-ம் எண் மனை. 1956-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி காலையில், அங்கிருந்த பங்களாவில் டாக்டர் பீமராவ் அம்பேத்கார் உறக்கத்திலேயே உயிர் நீத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 65.

அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். தலைநகரில் வேலை பார்த்துப் பிழைக்கும் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் அவர் செய்து வைத்த காரியங்கள் அந்த அளவுக்குத் தெரியாது. வார வேலை நேரம், சம்பளத்தோடு லீவு, ஈ.எஸ்.ஐ. வைத்தியம், உத்தியோகத்தில் இட ஒதுக்கீடு ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் அவருடைய டில்லி வாழ்க்கையின் ஒரு பகுதி இருக்கிறது.

ரயில் நிலையத்தில் ஒரு மாலை

மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் மாவ் ராணுவ முகாமில் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி அம்பேத்கார் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். தாய் பீமாபாய். பதினான்காவது பிள்ளை. மஹர் என்ற தீண்டப்படாத வகுப்பில் பிறந்த குடும்பம். சதாராவில் பள்ளிக்கூடம் போனபோது மற்றப் பையன்களோடு சேர்ந்து உட்கார முடியாது. தாகம் எடுத்தால் குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்து விட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

1901-ம் ஆண்டு கோடை விடுமுறை. தந்தைக்குக் கோரேகாவ் என்ற ஊரில் காஷியர் வேலை. அவரைப் பார்க்கத் தமையனோடும் அக்காள் பிள்ளைகள் இருவரோடும் சிறுவன் ரயில் ஏறினான். எல்லோருக்கும் புதுச் சட்டை, குல்லாய். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். அனுப்பிய கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேராததால் அழைத்துப் போக யாரும் வரவில்லை.

பிள்ளைகள் நிற்பதைக் கண்டு ஸ்டேஷன் மாஸ்டர் அன்போடு விசாரித்தார். அவர்கள் மஹர் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போய்விட்டார். வாடகை வண்டிக்காரர்கள் ஒருவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்கு ஒப்புக்கொண்டான். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டான். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச் சாவடியில் கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. இரவு முழுவதும் தாகத்தோடு கிடந்து மறுநாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த இரவைப் பல வருஷங்களுக்குப் பிறகு அவரே எழுதி வைத்தார். தீண்டாமையைப் பற்றித் தம்மைச் சிந்திக்க வைத்து, மனத்தில் அழியாமல் பதிந்த சம்பவம் அது என்பது அவர் கருத்து.

வீடு கிடைக்காத பட்டதாரி

1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உபகாரச் சம்பளம் கொடுத்து 1913-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படித்து, பிறகு லண்டன் போனார். உபகாரச் சம்பளக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பினார். பரோடா சமஸ்தானத்தில் பத்து வருஷம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். அதன்படி அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் பயிற்சி உத்தியோகஸ்தராகச் சேர்ந்தார்.

வெளியூரில் உத்தியோகம் கிடைத்தவர்களின் முதல் கவலை வீடு. டில்லி வந்த தமிழர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அம்பேத்காருக்கு வீடு கொடுக்கப் பரோடாவில் ஒருவரும் இல்லை. பார்சிகள் தங்கும் சத்திரம் ஒன்றில், பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு தங்கினார். மாடியில் வேறு ஆள் கிடையாது. விளக்கு வசதியும் சரியாக இல்லை. பதினோராம் நாள் காலையில் பார்சிகள் பத்துப் பன்னிரண்டு பேர் கைத்தடிகளோடு வந்து சூழ்ந்துகொண்டு, அன்று மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று மிரட்டிப் போனார்கள்.

தெரிந்த நண்பர்கள் இருவரிடம் போனார். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இடம் தர முடியாததற்கு இருவரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்து வந்தவர், ஊர்ப் பூங்காவில் ரயில் நேரம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். பரோடா உத்தியோகம் அதோடு முடிந்தது.

பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவும் உதவினார். 1920-ல் மறுபடி லண்டன் சென்று, டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1923-ல் தாயகம் வந்தார்.

குளமும் ஒப்பந்தமும்

கொலாபா ஜில்லா மஹாத் நகரில் சவ்தார் குளம் என்று ஒன்று உண்டு. அதில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்று நகரசபை தீர்மானம் போட்டிருந்தும் தாழ்த்தப்பட்டோரை யாரும் விடவில்லை. 1927-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகச் சென்று அம்பேத்கார் அந்தக் குளத்து நீரைக் குடித்தார். அன்றே கூட்டத்தினர் தாக்கப்பட்டனர். குளத்துக்குச் சுத்திச் சடங்கும் நடந்தது. வழக்கு பத்து வருஷம் இழுத்தது. 1937 மார்ச்சில் பம்பாய் ஹைகோர்ட் தாழ்த்தப்பட்டோருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

1930-ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் இருவர். ஒருவர் அம்பேத்கார், மற்றவர் தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசன். தனித் தொகுதி வேண்டும் என்று இருவரும் வாதாடினார்கள். தமிழ்நாட்டின் இன்னொரு தலைவரான எம்.சி. ராஜாவுக்கு வேறு அபிப்பிராயம். டில்லி மத்திய சட்டசபையில் அங்கத்தினராக இருந்த அவர், பொதுத் தொகுதியில் இட ஒதுக்கீடே போதும் என்று 1932-ல் டாக்டர் மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் சர்க்கார் தனித் தொகுதி வழங்கியது. அதை எதிர்த்து ஏரவாடா சிறையில் காந்திஜி உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதியை அம்பேத்கார் விட்டுக்கொடுத்தார். மாகாண சட்டசபைகளில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 71-லிருந்து 148 ஆக உயர்ந்தன. சீனிவாசனும் ராஜாவும் கூட அதில் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய மனக்குறை அம்பேத்காருக்குக் கடைசி வரை போகவில்லை.

ரயில்வே தொழிலாளர் நடுவே

1938-ம் ஆண்டு பிப்ரவரியில் மன்மாட் நகரில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் மகாநாடு கூட்டினார்கள். அம்பேத்கார் தலைமை வகித்தார். தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேருகிறவன் ஆயுள் முழுவதும் கேங்மேனாகவே கிடக்கிறான் என்பதை அங்கே எடுத்துக் காட்டினார். போர்ட்டர் வேலை கூட அவனுக்குக் கிட்டுவதில்லை. போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வது வழக்கம். தீண்டப்படாதவனை வீட்டுக்குள் விட மனம் வராது. அதனால் போர்ட்டர் வேலையும் இல்லை என்று விளக்கினார்.

தொழிலாளிக்கு இரண்டு விரோதிகள் உண்டு என்றும் அங்கே சொன்னார். ஒன்று முதலாளித்துவம், இன்னொன்று பிராமணியம். பிராமணியம் என்பது பிராமணர் என்ற ஒரு வகுப்பாரைக் குறிப்பதல்ல, சுதந்திரமும் சமத்துவமும் சகோதரத்துவமும் இல்லாத மனப்பான்மை எல்லா ஜாதியாரிடமும் இருக்கிறது என்று தெளிவுபடுத்தவும் செய்தார். கூலி உயர்வு கேட்கும் சங்கம் ஜாதியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், சங்கத்துக்குள்ளேயே கீழ்த்தட்டு ஒன்று நிலைத்துவிடும் என்பது அவருடைய வாதம்.

தொழில் மந்திரி

1942 ஜூலையில் நாகபுரியில் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் உருவாயிற்று. அதன் தலைவராகச் சென்னை வக்கீல் என். சிவராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே மாதம் அம்பேத்கார் டில்லியில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழில் அங்கத்தினராகப் பதவியேற்றார். மந்திரி பதவிக்குச் சமமான அந்த இடத்துக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த முதல் மனிதர் அவரே. பிருதிவிராஜ் ரோடு 22-ம் எண் பங்களா ஒதுக்கப்பட்டது. பரோடாவில் ஒரு ராத்திரிக்கு இடம் கிடைக்காதவருக்குத் தலைநகரில் சர்க்கார் வீடு கிடைத்தது.

யுத்த காலம். முதலாளிகள் அவசரம் காட்டினார்கள், சர்க்காருக்கும் உற்பத்தியே பெரிதாக இருந்தது. இந்த நெருக்கடியில் சர்க்கார், முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு 1942 ஆகஸ்டில் டில்லியில் அவர் தலைமையில் தொடங்கிற்று. 1943 டிசம்பரில் தன்பாத் சென்று, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, வேலை நடக்கும் விதத்தையும் கூலிகளின் குடியிருப்பையும் நேரில் பார்த்தார். நிலக்கரி மீது வரி விதித்துச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி ஏற்படுத்தும் அவசரச் சட்டம் 1944-ல் வந்தது.

ஒரு விஷயத்தில் அவர் மீது கண்டனமும் எழுந்தது. பெண்களைச் சுரங்கத்துக்கு உள்ளே வேலை வாங்கக் கூடாது என்றிருந்த தடையை, நிலக்கரிப் பஞ்சம் காரணமாக 1943-ல் சர்க்கார் தளர்த்தியது. சட்டசபையில் உறுப்பினர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். யுத்த நிர்ப்பந்தம் என்றும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டது என்றும் அம்பேத்கார் சமாதானம் சொன்னார். தடை மறுபடி அமலுக்கு வர 1946 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழைப் பெண்கள் இருட்டுக் குழிக்குள் கழித்த அந்த நாட்களுக்கு அந்தச் சமாதானம் ஈடாகாது.

1945-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆலையில் ஒரு வருஷம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு பத்து நாள் லீவு கிடைத்தது. 1934-ம் ஆண்டு ஆலைச் சட்டப்படி நிரந்தர ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். அதை 48 ஆகக் குறைக்கும் மசோதாவை 1946 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் அம்பேத்கார் நிறைவேற்றி வைத்தார். 1948-ம் ஆண்டு ஆலைச் சட்டமும் இந்த 48 மணியையே எடுத்துக்கொண்டது.

தொழிலாளிக்கு நோய் வந்தால் என்ன கதி என்று ஆராயப் பேராசிரியர் அடார்கர் 1943-ல் நியமிக்கப்பட்டார். 1944-ல் அவர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து முளைத்ததே 1948-ம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24-ல் திட்டம் முதன்முதலாக அமலுக்கு வந்த இடங்கள் கான்பூரும் டில்லியும்.

உத்தியோகத்தில் பங்கு

மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் மற்றச் சிறுபான்மையினருக்கு விகிதம் ஒதுக்கியிருந்தும் ஷெட்யூல்டு வகுப்பினருக்கு ஒதுக்கவில்லை. 1942 அக்டோபரில் அம்பேத்கார் வைசிராய் லின்லித்கோவுக்கு விரிவான மகஜர் ஒன்று கொடுத்தார். 1943 ஆகஸ்டில் உத்தரவு பிறந்தது. காலியிடங்களில் 8.33 சதவீதம் ஷெட்யூல்டு வகுப்பினருக்கு என்றாயிற்று. வயது வரம்பிலும் பரீட்சைக் கட்டணத்திலும் சலுகை கிடைத்தது. 1946-ல் இது 12.5 சதவீதமாகவும், 1970-ல் 15 சதவீதமாகவும் ஆயிற்று. சர்க்கார் செலவில் அந்த வகுப்பு மாணவர்கள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனதும் அந்த மகஜரின் பலன்தான்.

சட்டம் எழுதிய கை

சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியானார். 1947 ஆகஸ்ட் 29-ல் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைந்தது. தலைவர் அம்பேத்கார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார் ஆகியோர் அங்கத்தினர். காலியான ஓர் இடத்தில் பிற்பாடு டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்தார்.

இந்தக் குழு எப்படி வேலை செய்தது என்பதை 1948 நவம்பரில் சபையில் வெளிப்படையாகச் சொன்னவர் டி.டி.கே.தான். ஒருவர் ராஜினாமாச் செய்தார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்குச் சமஸ்தான அலுவல்கள், ஓரிருவர் டில்லியை விட்டு வெகு தூரத்தில். ஆகவே பாரமெல்லாம் அம்பேத்கார் தலை மீதே விழுந்தது என்று விளக்கி, அவருக்கு நன்றி செலுத்தினார். நீரிழிவு நோய் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. சபைக்கு வந்த திருத்தங்கள் 7,635. விவாதத்துக்கு எடுக்கப்பட்டவை 2,473. அத்தனைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் அவருடையது.

1949 நவம்பர் 26-ல் சட்டம் ஏற்கப்பட்டது. முதல் நாள் பேசியபோது அவர் வெற்றி முழக்கம் செய்யவில்லை. அரசியலில் ஒருவருக்கு ஓர் ஓட்டு என்று சமத்துவம் வந்துவிட்டது, சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கிறது, இந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால் ஜனநாயகமே ஆட்டம் காணும் என்று எச்சரித்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சட்டம் ஒரு வருஷத்திலேயே தமிழ்நாட்டில் சோதனைக்கு உள்ளாயிற்று. சென்னை ராஜ்யத்தில் கல்லூரி இடங்களை வகுப்பு வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று ஹைகோர்ட்டும், 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தன. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று பெயர் பெற்றது இது. பெரியாரும் மற்றவர்களும் நடத்திய கிளர்ச்சியில் தமிழ்நாடே கொதித்தது. அந்த ஆண்டு ஜூனில் முதலாவது திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்கும் ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் கல்வியில் தனிச் சலுகை தரலாம் என்ற 15-வது பிரிவின் 4-வது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பிரதமர் நேரு கொண்டுவந்த அந்த மசோதாவைச் சட்ட மந்திரியாகச் சபையில் தாங்கிப் பேசியவர் அம்பேத்கார்.

ராஜினாமா

இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் தரும் இந்து சட்ட மசோதாவுக்காக அவர் நான்கு வருஷம் போராடினார். எதிர்ப்புக்கு அஞ்சி சர்க்கார் மசோதாவைக் கிடப்பில் போட்டது. 1951 செப்டம்பரில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பதவி போனதோடு சர்க்கார் பங்களாவும் போயிற்று. அப்போது குடிபோன இடம்தான் சிரோஹி மன்னருக்குச் சொந்தமான அலிப்பூர் ரோடு 26-ம் எண் பங்களா. அவர் கேட்டவற்றில் பெரும்பகுதி 1955, 1956-ம் ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாக நிறைவேறின.

1952 பொதுத் தேர்தலில் பம்பாயில் தோற்றார். 1954-ல் பண்டாரா இடைத் தேர்தலிலும் தோல்வி. ராஜ்ய சபை அங்கத்தினராக மட்டும் கடைசி வரை இருந்தார்.

குமாஸ்தாவும் தலைவரும்

அந்தக் கடைசி ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் இருவர். 1948-ல் மணந்த மனைவி டாக்டர் சவிதா ஒருவர். மற்றவர் நானக் சந்த் ரட்டு. பஞ்சாப் ஹோஷியார்பூர் ஜில்லாவிலிருந்து பிழைப்புத் தேடி டில்லி வந்து சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர் ரட்டு. பகலெல்லாம் ஆபீசில் உழைத்துவிட்டு, மாலையில் அலிப்பூர் ரோடு வந்து, இரவு வெகு நேரம் வரை கையெழுத்துப் பிரதிகளை டைப் அடிப்பார். புத்தரைப் பற்றி அம்பேத்கார் எழுதிய பெரிய நூலின் பிரதி உருவானதில் அவர் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அம்பேத்கார் பௌத்தம் தழுவினார். தமிழ்நாட்டில் அயோத்திதாச பண்டிதர் 1898-லேயே அந்தப் பாதையைக் காட்டியிருந்தார்.

டிசம்பர் 5-ந் தேதி இரவு. கால் வலி, சோர்வு. புத்தகத்தின் முன்னுரைப் பிரதியைக் கட்டில் அருகே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். ரட்டு வைத்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் காலையில் அவருக்குச் செய்தி வந்தது. உடல் விமானத்தில் பம்பாய் கொண்டுபோகப்பட்டு, 7-ந் தேதி தாதரில் லட்சக்கணக்கானோர் கண்ணீருக்கிடையே தகனம் நடந்தது. புத்தகம் 1957-ல் வெளிவந்தது.

1990-ல் பாரத ரத்னா அளிக்கப்பட்டது. அலிப்பூர் ரோடு மனையில் எழுந்த நினைவகம் 2018 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பது பலரும் அறிந்தது. 15-வது பிரிவையும் ஒரு முறை எடுத்துப் படிக்க வேண்டும். கடை, ஹோட்டல் என்று சொல்லி வரும் சட்டம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றில் எவரையும் ஜாதி காரணமாகத் தடுக்கக் கூடாது என்கிறது. சட்டப் புத்தகத்தில் கிணற்றுக்கும் குளத்துக்கும் என்ன வேலை என்று தோன்றலாம். மசூர் சாலையில் ஓர் இரவு முழுவதும் தண்ணீர் கிடைக்காமல் வண்டியில் போன பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் விளங்கும்.